காத்திருப்பது யார்? தாமதம் பற்றிய சொற்களும் சட்டமும்

இந்தியச் சட்டங்களில் காலத்தைக் குறிக்கும் சொற்கள் இரண்டு வகையாக வருகின்றன. ஒரு வகை எண்ணோடு வரும். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். தகவல் கேட்டவருக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். கொடுத்த கடனுக்கு மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். இன்னொரு வகையில் எண் இராது. ‘உடனடியாக’, ‘கூடிய விரைவில்’, ‘நியாயமான காலத்துக்குள்’, ‘போதிய காரணம் இருப்பின்’, ‘அளவுக்கு மீறிய தாமதம்’ என்று மட்டுமே இருக்கும். முதல் வகையை நாள்காட்டியை வைத்துக்கொண்டு எவரும் சரிபார்த்துவிடலாம். இரண்டாம் வகையின் அளவை ஒவ்வொரு முறையும் யாராவது முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவு செய்பவர் பல வேளைகளில் தாமதம் செய்த அதிகாரியாகவே இருந்துவிடுகிறார். எண்ணில்லாத இந்தச் சொற்கள் சட்டத்துக்குத் தேவை; ஆனால் அவற்றை அளக்கும் கோல், காத்திருப்பின் சுமை யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நம் நீதிமன்றங்கள் சிறந்து விளங்கிய தருணங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. கேட்கத் தவறிய இடங்களில் சொல் அதிகாரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல. தாமதம் என்பது நடந்த நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறது. அதில் குற்றம் உண்டா இல்லையா என்பது தனிக் கேள்வி. இழுத்தடிப்பு என்றால் அங்கே எண்ணமும் சேர்ந்துவிடுகிறது. வாய்தா நீதிமன்றத்தின் அனுமதியோடு நடக்கும் தாமதம். கால நீட்டிப்பு, கெடு முடிவதற்கு முன்னரோ பின்னரோ அந்தக் கெடுவையே நகர்த்துவது. தாமத மன்னிப்பு, கெடு தாண்டியதை ஒப்புக்கொண்டு அதன் விளைவிலிருந்து விடுவிப்பது. தன் உரிமை பறிபோவது தெரிந்தும் நெடுநாள் வாளாவிருந்தவருக்கு ரிட் மனுவில் நிவாரணம் மறுக்கப்படுவது வேறொரு கோட்பாடு. அங்கே சட்டம் எந்தக் கெடுவும் விதித்திராது, ஆனாலும் காலம் கணக்கில் வரும். ‘உடனடியாக’, ‘கூடிய விரைவில்’ என்ற இரண்டும்கூட ஒன்றல்ல. தடுப்புக் காவல் சட்டத்தில் வந்த இச்சொற்களை 1956-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. உடனடியாகச் செய்ய வேண்டியதைத் தவிர்க்கக்கூடிய தாமதம் எதுவுமின்றிச் செய்திருக்க வேண்டும் என்று அது விளக்கியது. கடந்துபோன நாள்களை எண்ணுவதைவிட அவற்றில் எத்தனை தவிர்க்கக்கூடியவை என்று கேட்பதே முதன்மை என்ற கருத்து அங்கே வேர்விட்டது.

எண்ணுள்ள சொற்களில் மிகவும் கண்டிப்பானது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவின்படி, கெடு தாண்டித் தொடுத்த வழக்கை எதிராளி ஆட்சேபிக்காவிட்டாலும் நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும். இந்தக் கடுமைக்கு நியாயம் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்லச் சாட்சிகள் இறந்துபோகிறார்கள், ஆவணங்கள் அழிகின்றன. எதிராளியும் எப்போது வழக்கு வருமோ என்ற அச்சத்தில் வாழ்நாள் முழுவதும் இருக்க முடியாது. அதாவது, கெடுவே காத்திருப்பவரைக் காக்க வந்ததுதான். ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, தனிமனிதருக்குக் கடன் வழக்கில் மூன்று ஆண்டும், அசையாச் சொத்தின் சுவாதீனம் கோரும் வழக்கில் 12 ஆண்டும் தந்துவிட்டு, அரசு தொடுக்கும் வழக்குகளுக்குப் பொதுவாக 30 ஆண்டு தருகிறது. முந்தைய 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 60 ஆண்டாக இருந்தது. பொதுச் சொத்தைக் காக்க அரசுக்குக் கூடுதல் காலம் தேவை என்ற வாதத்தில் பொருள் உண்டு. ஆயினும் எண்ணிலேயே அரசுக்கு இவ்வளவு இடம் கொடுத்த சட்டத்தில், எண்ணில்லாத சொல்லிலும் அரசுக்குத் தனிச்சலுகை தேவைதானா என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

அந்தக் கேள்வி நேரடியாக மோதும் இடம் 5-ஆம் பிரிவு. மேல்முறையீட்டிலும் மனுக்களிலும் ‘போதிய காரணம்’ காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்கிறது அது. எது போதிய காரணம் என்று சட்டம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும் என்ற பழைய கண்டிப்பை, காஷ்மீர் அனந்தநாக் நில ஆர்ஜித வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. நாளுக்கு நாள் விளக்கம் கேட்டால் மணிக்கு மணி ஏன் கேட்கக்கூடாது என்று வினவி, சொல்லைப் பகுத்தறிவோடு படிக்கச் சொன்னது. 1998-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு சொத்து வழக்கில் 883 நாள் தாமதத்தை அதே நீதிமன்றம் மன்னித்தது. தாமதத்தின் நீளத்தைவிட விளக்கத்தின் ஏற்புடைமைதான் அளவுகோல் என்றும், கெடு விதிப்பது மக்களின் உரிமையை அழிக்க அல்ல, அவர்கள் இழுத்தடிக்காமல் பார்த்துக்கொள்ளவே என்றும் அது கூறியது. வழக்கறிஞரை நம்பி ஏமாந்த கட்சிக்காரருக்கு, நீதிமன்றத்துக்கு வந்து போகக் கூலி நாளை இழக்க வேண்டியவருக்கு இந்தத் தளர்ச்சி உயிர்நாடி. சட்டத்தின் கதவு அவர் முகத்தில் அறைந்து சாத்தப்படாமல் காப்பது இந்த எண்ணற்ற சொல்தான்.

ஆனால் 1987-ஆம் ஆண்டு வழக்கில் தாமதித்தது ஏழைக் கட்சிக்காரர் அல்லர், அரசு. தாமதமும் நான்கே நாள்தான். கோப்பு மேசைக்கு மேசை நகரும் நிர்வாக இயல்பைக் கருதி அரசின் தாமதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், ஆனால் அதை மெச்ச முடியாது என்ற பொருளில் நீதிமன்றம் சொன்ன எச்சரிக்கையான வரி, அடுத்த 25 ஆண்டுகளில் அரசுத் துறைகளின் கையில் நிரந்தர அனுமதிச் சீட்டாக மாறியது. நான்கு நாளுக்குக் கிடைத்த புரிதலை நானூறு நாளுக்கும் கேட்கத் தொடங்கினார்கள். 2012-இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்தோடு வந்தபோது உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. கணினியும் மின்னஞ்சலும் வந்துவிட்ட காலத்தில் கோப்பு நகரவில்லை என்ற விளக்கம் செல்லாது, அரசுக்கென்று தனிக் காலவரையறை கிடையாது என்றது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக வந்தபோது இன்னும் கூர்மையாகப் பேசியது. மேல்முறையீடு தள்ளுபடியானது என்ற சான்றை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டுப் பொறுப்பைக் கழிக்கவே இத்தகைய வழக்குகள் வருகின்றன என்று கண்டித்து, 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது. அதைப் பொறுப்பான அலுவலரிடமிருந்து வசூலிக்கவும் சொன்னது. கூலியாளின் தாமதத்தையும் அரசின் தாமதத்தையும் இப்படி வேறு அளவில் அளப்பது பாரபட்சம் அல்ல. முதலாமவர் தாமதத்தால் தன் உரிமையையே இழக்கிறார். அரசு தாமதித்தாலோ, கீழ் நீதிமன்றத்தில் வென்ற குடிமகன்தான் காத்துக் கிடக்கிறான்.

காவல் நிலையத்திலும் இதே பிரிவினை தெரிகிறது. முதல் தகவல் அறிக்கை தாமதமானால் அதில் கற்பனையும் ஜோடனையும் புகுந்துவிடும் என்று 1972-இல் தமிழ்நாட்டின் ஒரு கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. இரண்டு மைல் தொலைவில் காவல் நிலையம் இருந்தும் 20 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்த அந்த வழக்கில், ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தாமதத்தின் சுமை, உயிர் போகும் தண்டனையை எதிர்கொண்டவர் மேல் இருந்தது, கண்டிப்பு பொருத்தமானது. ஆனால் 1996-இல் பஞ்சாபிலிருந்து சென்ற பாலியல் வன்முறை வழக்கில், புகார் தர ஏற்படும் தயக்கத்தை அதே நீதிமன்றம் வேறு கண்ணோடு பார்த்தது. மானம் குறித்த அச்சமும் குடும்பத்தின் தயக்கமும் பெண்ணைத் தடுத்து நிறுத்தும் சமூகத்தில், தாமதத்தை அவளுடைய பொய்க்குச் சான்றாகக் கொள்வது, அவளைப் பேசவிடாமல் தடுத்த சமூகத்தின் பிழையை அவள் மேல் சுமத்துவதாகும். தாமதம் என்ற சொல் இரண்டு தீர்ப்பிலும் ஒன்றேதான். அது எப்படி நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்ற கேள்விதான் இரண்டையும் வேறாக்கியது.

விசாரணையே இன்றி ஒருவரைச் சிறையில் வைக்கும் தடுப்புக் காவலில் இச்சொற்களின் எடை மிகவும் கூடுகிறது. அரசியலமைப்பின் 22(5) கூறு, காவலில் வைத்ததற்கான காரணங்களைக் கூடிய விரைவில் தெரிவித்து, முறையிட மிக முந்திய வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அந்த முறையீட்டை அரசு எத்தனை நாளில் பரிசீலிக்க வேண்டும்? எண் இல்லை. 1991-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எண் இல்லாததை அரசுக்குக் கிடைத்த சலுகையாகப் படிக்கக் கூடாது, அரசியலமைப்பை எழுதியவர்களின் கவலையின் வெளிப்பாடாகவே படிக்க வேண்டும் என்று விளக்கியது. மெத்தனத்துக்கும் அலட்சியத்துக்கும் இடமில்லை. விளக்கப்படாத தாமதம் எதுவானாலும் காவலைச் செல்லாததாக்கும். தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், கோப்பு அமைச்சரிடம் ஐந்து நாள் கிடந்ததற்கு, அவர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்று அரசு காரணம் சொன்னது. அந்த விளக்கம் போதாது என்று உச்ச நீதிமன்றம் காவலை ரத்து செய்தது. சொத்து வழக்கில் 883 நாள் மன்னிக்கப்பட்டது. இங்கே ஐந்து நாள் மன்னிக்கப்படவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் முரண். காத்திருப்பவர் யார் என்று கேட்டால் இரண்டும் ஒரே நியாயத்தின் இரு முகங்கள்.

கொரோனா காலம் இந்த நியாயத்துக்கு நேரடிச் சோதனையாக வந்தது. 2020 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து காலவரையறைகளை நீட்டித்தது; பின்னர் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலம் முழுவதையும் கணக்கிலிருந்து விலக்கியது. ஊரடங்கில் நீதிமன்றம் போக முடியாத மக்களுக்கு அது பெரும் ஆறுதல். உடனே ஒரு கேள்வி எழுந்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் காவல் துறைக்கு உள்ள 60 அல்லது 90 நாள் கெடுவும் இதனால் நீண்டுவிட்டதா? கெடு தாண்டினால் சிறையில் இருப்பவருக்குச் சட்டப்படி ஜாமீன் உரிமை வந்துவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதிகளிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டானது. மதுரையிலிருந்து சென்ற மேல்முறையீட்டில் 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது. கட்சிக்காரர்களுக்காகத் தந்த நீட்டிப்பு, ஒருவரின் சிறைவாசத்தை நீட்டிக்கும் அனுமதியாகாது என்று தெளிவாக்கியது. நீட்டிப்பு ஒருவருக்கு அவகாசமாகவும் இன்னொருவருக்குக் கூடுதல் சிறையாகவும் ஆகிவிடலாம் என்பதைக் கண்டுகொண்ட தீர்ப்பு அது.

இதற்கு எதிர்த்திசையில், சுமையைப் பாராமல் சொல்லை நீட்டியதன் விளைவைக் கருணை மனுக்களின் வரலாறு காட்டுகிறது. 1983-இல் தமிழ்நாட்டு மரண தண்டனைக் கைதி ஒருவரின் வழக்கில், இரண்டு ஆண்டுக்கு மேல் நிறைவேற்றாமல் கிடந்த தண்டனையை ஆயுளாகக் குறைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எண் ஒன்றை நிறுத்தியது. அடுத்த மாதமே இன்னோர் அமர்வு அந்த எண்ணை ஏற்க மறுத்தது. 1989-இல் அரசியல் சாசன அமர்வு, ‘அளவுக்கு மீறிய நீண்ட தாமதம்’ என்ற எண்ணற்ற அளவை நிலைநாட்டியது. அந்த அளவு 2014 ஜனவரி வரை கைதிகளுக்குப் பெரிதும் கைகொடுக்கவில்லை. அம்மாதம் 15 பேரின் தண்டனையும், பிப்ரவரி 18 அன்று, 11 ஆண்டு கருணை மனுவோடு காத்திருந்த மரண தண்டனைக் கைதிகளான பேரறிவாளன், முருகன், சாந்தன் ஆகியோரின் தண்டனையும் குறைக்கப்பட்டன. பேரறிவாளனின் காத்திருப்பு அதோடும் முடியவில்லை. அவரை விடுதலை செய்யலாம் என்று தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவெடுக்காமல் இருந்துவிட்டுக் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று.

மசோதாக்களின் கதையும் இதனோடு இணைந்தது. சட்டப்பேரவை அனுப்பிய மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்ப விரும்பும் ஆளுநர் அதைக் கூடிய விரைவில் செய்ய வேண்டும் என்கிறது 200-ஆம் கூறு. 2020 ஜனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே தமிழ்நாடு பேரவை நிறைவேற்றிய 12 மசோதாக்கள் ஆளுநரிடம் கிடந்தன. அவற்றுள் 10 மசோதாக்களுக்கு அவர் ஒப்புதல் மறுத்தார். பேரவை மீண்டும் நிறைவேற்றியதும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடு வகுத்து, அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. குடியரசுத் தலைவர் 14 கேள்விகளோடு கருத்துக் கேட்க, 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் அத்தகைய கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் என்ற கோட்பாட்டுக்கும் இடமில்லை என்று கருத்துச் சொன்னது. ஆனால் விளக்கமற்று, முடிவின்றி நீளும் செயலின்மை இருந்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்குமாறு மட்டும் பணிக்கலாம் என்றது.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. அரசியலமைப்பை எழுதியவர்கள் தெரிந்தே எண்ணைத் தவிர்த்தார்கள், குடியரசுத் தலைவர் குறித்த வரைவில் இருந்த ஆறு வாரக் கெடுவை அம்பேத்கர் நீக்கி, கூடிய விரைவில் என்று மாற்றினார், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் எச்.வி. காமத் எதிர்த்தும் அது நிறைவேறியது. அவர்கள் எடுத்த எண்ணை நீதிமன்றம் திருப்பி வைக்கலாமா என்பது நேர்மையான கேள்வி; அந்த அளவில் நவம்பர் கருத்துக்குச் சட்ட அடிப்படை உண்டு. ஆனால் எண்ணை எடுத்தவர்கள் விரைவை எடுக்கவில்லை. ஆறு வாரத்தைவிட முன்னதாகவே முடியக்கூடியது முன்னதாக முடியட்டும் என்ற பொருளும் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆறு வாரத்தை மூன்று ஆண்டாக நீட்டும் உரிமம் அதில் இல்லை. மேலும், முடிவெடுக்கச் சொல்லும் ஆணை மட்டும் போதாது. தாமதத்துக்கான காரணத்தைப் பதிவில் வைக்கும் கடமை சேராவிட்டால், ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்ட பேரவைதான் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். சுமை மீண்டும் காத்திருப்பவர் மேலேயே விழும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் எண் வைத்துவிடலாமே என்பது அடுத்த மறுப்பு. பணமும் வணிகமும் மட்டும் பணயமாக உள்ள இடங்களில் எண் நன்றாகவே வேலை செய்கிறது. வணிக வழக்கில் 120 நாள் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். நடுவர் தீர்ப்பாயத் தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதமும் மேலும் 30 நாளும்தான், அதற்கு மேல் மன்னிப்பே கிடையாது. ஆனால் குற்ற வழக்கு முழுவதற்கும் காலக்கெடு விதிக்க 1990-களில் நடந்த முயற்சியை 2002-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு கைவிட்டது. கெடு முடிந்ததும் வழக்கு தானாக முடிந்தால், பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்காமல் போகும். உரிமையியல் வழக்கில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்ற திருத்தத்தைச் சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சுனாமி போன்ற பேரிடரில் நான்காவது வாய்தாவை மறுப்பது கொடுமை என்பதையும் உணர்ந்து விதிவிலக்குக்கு இடம் வைத்தது. எண் சோம்பலைத் தடுக்கும். ஆனால் பேரிடரை அதனால் முன்கூட்டி அறிய முடியாது. இரண்டும் சேர்ந்த வடிவமே பலன் தருகிறது. எண்ணைப் பொது விதியாக வைத்து, அதைத் தாண்டுபவர் மேல் விளக்கக் கடமையை ஏற்ற வேண்டும்.

வசதி படைத்த குற்றவாளிகள்தானே வாய்தா மேல் வாய்தா வாங்கி வழக்கை இழுக்கிறார்கள், காத்திருப்பவரைப் பார்க்கும் அளவுகோல் அவர்களுக்கே உதவாதா என்றும் கேட்கலாம். உதவாது. தானே உண்டாக்கிய தாமதத்தைக் காட்டி விரைவான விசாரணை உரிமையை ஒருவர் கோர முடியாது என்று 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுமையைப் பார்க்கும் அளவுகோல் அந்த ஆளின் பெயரையோ தகுதியையோ பார்ப்பதில்லை. தாமதம் யார் கையில் இருந்தது, அதன் வலி யாருக்கு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவருடைய வலி அவர் தேடிக்கொண்டது. சமத்துவத்தின் பெயரால் எழும் மறுப்புக்கும் இதுவே விடை. எல்லோருக்கும் ஒரே நாள்கணக்கு என்பது பார்வைக்குச் சமத்துவம். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதே மெய்யான சமத்துவம்.

இதைச் செயலாக்கப் புதிய சட்டத் தத்துவம் எதுவும் தேவையில்லை; சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்த்தால் போதும். தகவல் உரிமைச் சட்டம் பொதுவான விண்ணப்பத்துக்கு 30 நாளும், உயிரும் சுதந்திரமும் சார்ந்த விண்ணப்பத்துக்கு 48 மணி நேரமும் வைத்து, தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. காத்திருப்பவருக்கு நேரும் இழப்பின் கனத்தை வைத்துக் கெடுவை நிர்ணயித்து, அதன் விளைவைத் தாமதிப்பவர் மேல் வைத்த நல்ல முன்மாதிரி அது. அதைப் பின்பற்றி, ஓர் அதிகாரிக்கு எண்ணில்லாத காலச்சொல் வழங்கும் ஒவ்வொரு சட்டத்திலும், குறித்த நாள்களுக்குப் பின் தாமதத்தின் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கும் கடமையைச் சேர்க்க வேண்டும். அரசின் தாமத மன்னிப்பு மனுக்களில் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்ற விவரம் கட்டாயமாக வேண்டும். ஒருவர் சிறையில் இருக்கும் எந்த விவகாரத்திலும், விளக்கப்படாத ஒரு நாள்கூட அவருக்குச் சாதகமாகவே எண்ணப்பட வேண்டும். கூடிய விரைவில் என்ற சொல்லை அரசியலமைப்பு அதிகாரத்திலிருப்பவர்களை நம்பி எழுதியது. அந்த நம்பிக்கைக்கு அவர்கள் கணக்குக் கொடுக்கும்போதுதான் அந்தச் சொல் தன் பொருளோடு நிற்கும்.